மழையில் ஓர் ஓட்டம்

மழை தூறினால் கிரிக்கெட்டை நிறுத்திவிடுகிறார்கள். மோட்டார் சைக்கிள் பந்தயக்காரர்களோ டயரை மாற்றிக்கொண்டு மறுபடியும் வந்து நிற்கிறார்கள்! இது என்ன பைத்தியக்காரத்தனம் என்றுதானே கேட்கிறீர்கள்?

சற்றுப் பொறுங்கள். அந்த டயரைப் பாருங்கள். உலர்ந்த தரையில் ஓடும் டயர் வழுக்கைத் தலை மாதிரி மழமழவென்றிருக்கும். மழை டயரிலோ, தண்ணீர் பிதுங்கி வெளியேறுவதற்காக வெட்டு வெட்டாகப் பள்ளங்கள். ரப்பரும் மிக மிருது. அதனாலேயே பாதை காய ஆரம்பித்தால் சூடேறித் தேய்ந்துவிடும். அப்போது, தண்ணீர் தேங்கிய இடமாகப் பார்த்து ஓட்டி டயரைக் குளிப்பாட்டுவார்கள்!

பிரேக்தான் பெரிய வித்தை. வெடுக்கென்று பிடித்தால் முன்சக்கரம் சறுக்கிவிடும். மெல்லத் தொடங்க வேண்டும். பாரம் முன்னே வந்து டயரைத் தரையில் அமுக்கிய பிறகே பலமாகப் பிடிக்கலாம். திருப்பத்தில் உடம்பை உட்பக்கம் தொங்கவிட்டு, வண்டியைக் கூடியவரை நிமிர்த்தி வைத்துக்கொள்கிறார்கள். ஆக்ஸிலரேட்டரையும் குழந்தையைத் தூக்குவதுபோல் பதமாகத்தான் திருக வேண்டும். ஓரத்து வெள்ளைக் கோட்டின் பக்கமே போகக் கூடாது. நனைந்த பெயின்ட் பாசி பிடித்த படித்துறைதான்.

இவ்வளவும் தெரிந்தவர்களே விழுகிறார்கள் என்பதுதான் விசேஷம். நெதர்லாந்தில் ஆஸன் என்ற ஊரில் 2016 ஜூன் 26-ம் தேதி நடந்த பந்தயத்தின் படத்தைச் சென்ற வாரம் மறுபடியும் போட்டுப் பார்த்தேன். கொட்டிய மழையில் 14 சுற்றோடு பந்தயத்தை நிறுத்தி, பிறகு 12 சுற்றுக்கு மீண்டும் தொடங்கினார்கள். முன்னணியில் பறந்தவர் வாலன்டினோ ரோஸி. ஒன்பது முறை உலகப் பட்டம் வென்ற மனிதர்! ஒரு திருப்பத்தில் சறுக்கி விழுந்தார். டோவிஸியோஸோவும் விழுந்தார்.

இப்போது முதலிடம் மார்க் மார்க்கெஸுக்கு. பின்னாலேயே 21 வயது ஆஸ்திரேலியப் பையன் ஜாக் மில்லர். மில்லர் முந்திக்கொண்டார். மார்க்கெஸ் என்ன செய்தார் தெரியுமா? விட்டுவிட்டார்! முதலிடத்துக்கு 25 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 20. பட்டப் போட்டியில் முன்னால் இருந்தவர் அவர். ஐந்து புள்ளிக்காக இருபதையும் சேற்றில் போடுவானேன்? "பிழைக்கத் தெரிந்த பிள்ளை" என்றாள் என் மனைவி. அவ்வருஷத்துப் பட்டம் அவருக்கே கிடைத்தது.

எனக்கென்னவோ மில்லர் மேல்தான் பிரியம். இழப்பதற்குப் பட்டம் எதுவும் இல்லாதவர் அவர். ஆனாலும் கடைசிவரை ஒரு திருப்பத்தில்கூட அவசரப்படவில்லை. மேடையேறியதும் நனைந்த பூட்ஸைக் கழற்றி, அதில் ஷாம்பேனை ஊற்றி மடமடவென்று குடித்துவிட்டார்!