முகமில்லாத வெண்கல மனிதன்

ஹாங்காங் பங்குச் சந்தை மாளிகையின் முற்றத்தில் வெண்கலத்தால் ஆன பேருருவம் ஒன்று தாழ்ந்து நிற்கிறது. ஒரு கால் மடங்கியிருக்க, மறுகால் நிலத்தை ஒட்டி நீண்டிருக்கிறது. கைகள் இரு திசைகளிலும் விரிந்துள்ளன. முகம் இல்லை, விரல்கள் இல்லை, உடல் எங்கே முடிகிறது, ஆடை எங்கே தொடங்குகிறது என்பதும் தெரியவில்லை. பாறையைக் கோடாரியால் பிளந்து வைத்தாற்போன்ற பரப்பு. எனினும் பார்த்த மாத்திரத்தில், இவன் ஒரு மனிதன், அடுத்த நொடியில் அசையப் போகிறான் என்று நம் உள்ளம் சொல்லிவிடுகிறது. தைவான் சிற்பி ஜூ மிங் படைத்த ‘தாய்-ச்சி’ வரிசையைச் சேர்ந்தது அது. சீனப் போர்ப்பயிற்சியில் ‘ஒற்றைச் சாட்டை’ என்றொரு நிலை உண்டு. அந்நிலையிலிருந்து உடல் தாழும் கணத்தைச் சிற்பி வெண்கலத்தில் நிறுத்தியிருக்கிறார்.

நாம் அதைப் படங்களில்தான் கண்டோம். குலசேகரத்தின் ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே இருந்துகொண்டு இத்தகைய சிற்பங்களை நேரில் காணும் வாய்ப்பு எளிதில் கிட்டுவதன்று. ஆயினும் படம் நம்மை விட்டபாடில்லை. அந்த நிலை நமக்கு முற்றிலும் புதிதாகத் தோன்றாததே காரணம். நம் பகுதிக் களரிகளில் அடிமுறை பயின்றவர்கள் ‘ஒற்றைச்சுவடு’ என்பார்கள். எதிரி என்று எவரும் முன்னே நிற்காதபோது, தனியாக நின்று, காலடி பிசகாமல் திரும்பத் திரும்பப் பழகும் அடவு அது. ஒற்றைச் சாட்டை அங்கே, ஒற்றைச்சுவடு இங்கே. பெயர்ப் பொருத்தம் தற்செயலாக அமைந்தது. தனித்து நின்று உடலைத் தாழ்த்தக் கற்பது இரண்டிற்கும் பொது.

ஜூ மிங் 1938-ஆம் ஆண்டு தைவானின் மியாவ்லி மாவட்டத்துச் சிற்றூரான தொங்சியாவில், பதினொரு பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தார். தீவு அன்று ஜப்பானியர் ஆட்சியில் இருந்தது. பதினைந்தாம் வயதில், அவ்வூர்க் கோவிலைப் புதுப்பிக்க வந்த மரச்சிற்பி ஒருவரிடம் கைவேலை பழகச் சேர்ந்தார். தெய்வ உருவங்கள், தூண்கள், பூவேலைகள் எனச் செதுக்கி, பிறகு சொந்தமாகப் பட்டறையும் வைத்தார். நம் ஆலயங்களுக்குச் சுரூபம் செய்து தரும் தச்சரை ஒரு கணம் நினைத்துக்கொண்டால் அவருடைய வாழ்க்கை விளங்கிவிடும். கை நிறைய வேலை, ஊரில் மதிப்பு, செய்ததையே செய்யும் பழக்கம்.

முப்பதாம் வயதில், 1968-இல், அவர் அதையெல்லாம் விட்டுவிட்டு யாங் யூ-யூ என்னும் புகழ்பெற்ற நவீன சிற்பியிடம் மாணவராகச் சேர்ந்தார். மனைவி மக்கள் உடைய ஒருவர், தொழிலில் தேர்ந்த ஒருவர், மீண்டும் அரிச்சுவடியிலிருந்து தொடங்குவது எளிய செயலா? யாங் அவருக்கு மேலும் நுணுக்கங்களைச் சேர்த்துக் கொடுக்கவில்லை. மிகுதியானவற்றைக் கழிக்கச் சொன்னார். கூடவே, உடலும் மனமும் உறுதிப்படத் தாய்-ச்சி பழகுமாறு அறிவுறுத்தினார். சிற்ப ஆசிரியர் மாணவனை உளியோடு மட்டும் விட்டுவிடாமல் விடியற்காலைப் பயிற்சிக்கும் அனுப்பினார் என்பதை எண்ணும்தோறும் நமக்கு வியப்பாக இருக்கிறது. ‘மிங்’ என்ற பெயரும் ஆசிரியர் இட்டதே என்பர். பண்டைய வெண்கலக் கலங்களில் பொறிக்கப்பட்ட எழுத்தைக் குறிக்கும் சொல் அது. மரத்தில் வளர்ந்தவருக்கு உலோகப் பெயர்!

1976-இல் தைப்பெய் நகரின் தேசிய வரலாற்று அருங்காட்சியகத்தில் நடந்த தனிக் கண்காட்சி அவரை நாடறியச் செய்தது. எருமைகள், வண்டி, நாட்டுப்புற மாந்தர் ஆகியவற்றின் மரச்சிற்பங்களை மக்கள் கொண்டாடினர். அதே பாணியில் இன்னும் முப்பது ஆண்டுகள் செதுக்கிக்கொண்டே இருந்திருக்கலாம், விற்றிருக்கும். அவரோ அதைவிட்டு தாய்-ச்சி உருவங்களுக்குள் புகுந்தார். எவ்வளவு விரைவாகச் செதுக்குகிறோமோ அவ்வளவுக்கு மூளை குறுக்கிடாது என்பது அவர் கொள்கை. மரம் எப்படிப் பிளக்கிறதோ அப்படியே விட்டார். பேருருவங்களுக்கு வேறு வழி கண்டார். நம் வீட்டுக் கலியாண மேடைகளிலும் கிறிஸ்துமஸ் குடில்களிலும் பயன்படுத்துகிறோமே, அந்தத் தெர்மோகோலைப் பெரும் பாளங்களாக நிறுத்தி, சூடேற்றிய கம்பியால் அறுத்து உருவமாக்கி, பிறகு அதனைக் கொண்டு வெண்கலத்தில் வார்க்கச் செய்தார். காற்றில் பறக்கும் பொருளிலிருந்து கிரேன் கொண்டு தூக்கவேண்டிய பொருள் பிறந்தது.

வெண்கலம் என்றதும் தமிழர் மனம் சுவாமிமலைக்குச் செல்லும். அங்கே தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து முதலில் உருவம் செய்வர். காவிரி வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அது விட்டுச்சென்ற வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவர். 2023-இல் டெல்லி பாரத மண்டபத்தின் முன் நிறுவப்பட்ட நடராசர் 27 அடி உயரமும் 18 டன் எடையும் கொண்டது. அதுவும் அம்முறையில் சுவாமிமலைச் சிற்பிகளால் வார்க்கப்பட்டதே. நடராச உருவம் அளவு நூல் வழுவாதது. விரல் நுனிவரை இலக்கணம் உண்டு. ஜூ மிங்கின் உருவத்திலோ விரலே இல்லை. ஆனால் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், அசைவின் நடுவே ஓர் அசையாமையைத் தேடிய இருவேறு நாட்டுக் கைகள் அவை என்று நமக்குப் படுகிறது. எது உயர்ந்தது என்ற வழக்கு நமக்கு வேண்டாம்.

வேறொரு வழக்கும் வேண்டாம் என்போம். காஞ்சியிலிருந்து சென்ற போதிதருமரே சீனருக்குப் போர்க்கலை கற்றுக் கொடுத்தார் என்று நம்மவர் மேடைதோறும் முழங்குகின்றனர். ஷாவோலின் மடத்துப் பயிற்சியோடு அவர் பெயர் இணைக்கப்பட்டது அவர் காலத்திற்குப் பல நூற்றாண்டுகள் பின்னர், பதினேழாம் நூற்றாண்டு நூல்களில்தான் என்று வரலாற்று அறிஞர் காட்டியுள்ளனர். தாய்-ச்சியின் வேரோ அதே பதினேழாம் நூற்றாண்டில் ஹெனான் மாநிலத்துச் சென் குடும்பத்தாரின் சிற்றூரைச் சென்று சேர்கிறது. பிறர் தோட்டத்து விளைச்சலுக்கு நாம் பட்டா கேட்கவேண்டியதில்லை.

‘தாய்-ச்சி’ என்ற சொல் போர்ப்பயிற்சிக்கு மட்டும் உரியதன்று. எல்லாம் தோன்றும் மூலம், ‘மாபெரும் எல்லை’ என்பது அதன் தத்துவப் பொருள். இருளும் ஒளியும், மென்மையும் வன்மையும் அதிலிருந்து பிரிந்து ஒன்றையொன்று பிறப்பிக்கின்றன என்பர் சீன ஞானியர். நம் திருச்சபைக்கும் இச்சொல்லோடு பழைய தொடர்பு உண்டு. 1601-இல் பீஜிங் நகரை அடைந்த இயேசு சபைக் குரு மத்தேயு ரிச்சி, 1603-இல் சீன மொழியில் வெளியிட்ட தம் ஞான நூலில், இந்தத் தாய்-ச்சி படைப்பின் முதற்காரணம் ஆகாது, படைத்தவரே ஆண்டவர் என்று விரிவாக வாதிட்டார். ஆயினும் அவர் சீனர் உடையை உடுத்தார். அவர்தம் நூல்களை அவர்கள் மொழியிலேயே கற்றார். அந்த மண்ணிலேயே 1610-இல் மரித்தார். ஒரு கோட்பாட்டை மறுப்பவர் அதற்குரிய மக்களை இவ்வளவு உன்னிப்பாகக் கேட்டிருக்கிறார். அந்தக் கேட்கும் பொறுமையோடு நாமும் இவ்வெண்கலங்களின் முன் நிற்கலாம் அன்றோ?

பொறுமையாக நின்றால் தெரிவது என்ன? அவ்வுருவங்களின் எடை முழுவதும் கீழே இறங்கியிருக்கிறது. தாக்குபவன் முன்னே சாய்வான் என்பது நம் எதிர்பார்ப்பு. இவனோ பின்வாங்குவது போல் அமர்கிறான். எதிராளியின் விசையை எதிர்த்து முட்டாமல், அது கடந்து செல்ல இடம் கொடுத்து, பின்பு திருப்புவதே அப்பயிற்சியின் உள்ளீடு. மூச்சை அடக்கிப் புடைக்கும் நரம்பு எதுவும் இச்சிற்பங்களில் இல்லை.

இவ்விடத்தில் நம் ஊர் ஆசான் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பெயர் வேண்டாம், அவர் அதை விரும்பியிருக்க மாட்டார். பால்வெட்டப் போய்ச் சறுக்கி விழுந்தவர்கள், சுமை தூக்கி முதுகு பிடித்தவர்கள், பந்து விளையாடிக் கை பிசகிய பிள்ளைகள் என விடிந்தது முதல் அவர் திண்ணையில் ஆள் இருக்கும். எண்ணெய் மணமும் பச்சிலை மணமும் கலந்த திண்ணை. உடலில் வர்மம் நூற்றெட்டு. அவற்றுள் படுவர்மம் பன்னிரண்டு, தொடுவர்மம் தொண்ணூற்றாறு. எங்கே தொட்டால் மயங்குவான் என்று அறிந்த விரலே எங்கே தொட்டால் எழுவான் என்பதையும் அறியவேண்டும். மயங்கியவனை மீட்கும் ‘அடங்கல்’ முறை கைவராத மாணவனுக்கு அவர் அடியைச் சொல்லித் தரவில்லை. வந்தவர்களில் பலர் ஓராண்டு பொறுத்தனர், பிறகு வரவில்லை.

ஏன் இவற்றை எழுதி வைக்கக் கூடாது என்று ஒருமுறை நாம் கேட்டோம். எண்ணெய்க் கையைத் துண்டில் துடைத்தவாறு, “படிச்சதும் கை வைக்கத் தோணும் மக்கா. கை பழகினதுக்கப்புறம் ஏடு எதுக்கு?” என்றார். அவருடைய பிள்ளைகள் வளைகுடா நாடுகளுக்குச் சென்றனர். இன்று அவர் இல்லை. சித்த மருத்துவக் கல்லூரிகளில் வர்மம் பாடமாகியுள்ளது, அது நல்லது. ஆனால் அந்தத் திண்ணையில், வலியால் துடித்து வந்த பிள்ளையின் தோளை அவர் தொடுமுன் ஒரு கணம் தயங்கி நிற்பாரே, அந்தத் தயக்கம் எந்த ஏட்டில் ஏறும்? அவர் காலத்தில் எவரேனும் அந்த நிலையைச் செதுக்கி வைத்திருந்தால் என்று நமக்கு ஏக்கம் உண்டாவது உண்மை. செதுக்கியிருந்தாலும் முகம் இருந்திருக்கும், மீசை இருந்திருக்கும், கீழே கொடையாளி பெயர் இருந்திருக்கும். நம் ஊர்ச் சிலைகளை நாம் அறிவோம்.

சீனர் தம் பயிற்சியைக் கைவிடவில்லை. பூங்காக்களில் முதியோர் அதிகாலையில் பழகுகின்றனர். 2020-இல் யுனெஸ்கோ நிறுவனம் தாய்-ச்சியை மனித குலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஜூ மிங் தம் பங்கிற்கு, தைவானின் வடகரையில் ஜின்ஷான் மலைச்சரிவில் 15 ஹெக்டேர் நிலத்தில், பன்னிரண்டு ஆண்டு உழைப்பில் ஓர் அருங்காட்சியகம் எழுப்பினார். 1999 செப்டம்பர் 19 அன்று அது திறக்கப்பட்டது. இரண்டே நாள்களில் தைவானைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. கலையைத் தொழில் என்னாமல் தவம் என்றே பேசிவந்த அவர் 2023 ஏப்ரலில், 85-ஆம் வயதில் மறைந்தார்.

பிற்காலத்தில் அவர் செய்த ‘தாய்-ச்சி வளைவு’ என்னும் படைப்புகள் அந்த மலைவெளியில் உள்ளன. முந்திய சிற்பங்களில் இருவர் எதிரெதிரே நின்று கையோடு கை தள்ளிப் பழகுவர். இவற்றில் அந்தக் கைகள் ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்துவிட்டன. தள்ளுபவன் எவன், தள்ளப்படுபவன் எவன் என்று பிரித்தறிய இயலாது. இரண்டு உடல்களும் சேர்ந்து ஒரு வாசலாக வளைந்திருக்கின்றன. அதன் கீழே மனிதர் நடந்து போகலாம்.