அரண்மனைக்காரத் தெரு

எங்க அயனம்பாக்கத்துல 'பாரிஸ் போறேன்'னு யாராவது சொன்னா, என்ன வாங்கன்னுதான் அடுத்த கேள்வி வரும். சும்மா நடந்து பார்க்கிற இடமா அதை யாரும் நினைக்கிறதில்லை. அக்கா கல்யாணப் பத்திரிகைக்காகப் போனவன்தான் நானும். அம்பத்தூரில் ரயில் ஏறி, பீச் ஸ்டேஷனில் இறங்கி, ராஜாஜி சாலை வழியாக நடந்தேன்.

பாரிஸ் கார்னரில், டேர் ஹவுஸ் ஓரத்தில் ஒரு பழைய தூண் நிற்கிறது. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். 1749இல் அது ஆங்கிலேயரிடம் திரும்பியது. அந்தப் போர்களை ஒட்டி, கோட்டைக்குப் பக்கத்திலிருந்த பழைய கறுப்பர் நகரம் இடிக்கப்பட்டது. எதிரி மறைந்து சுட இடம் இருக்கக் கூடாது என்று அந்த நிலத்தை வெட்டவெளியாகவே விட்டார்கள். அதன் எல்லையாக 1773இல் நட்ட ஆறு தூண்களில் மிஞ்சியது இந்த ஒன்றுதான். ஊர் இருந்த இடத்தில் இன்று உயர் நீதிமன்றம் இருக்கிறது.

ஆண்டர்சன் தெரு முழுக்கக் காகிதமும் அச்சு மையும் மணக்கிறது. கடைக்காரர் கேட்டார்: "தமிழ்ல எத்தனை, இங்கிலீஷ்ல எத்தனை தம்பி?" அம்மாவுக்குப் போன் போட்டேன். "இங்கிலீஷ்லயே அடிச்சிருடா. சொந்தக்காரப் பசங்க யாரு தமிழ் படிக்கிறாங்க? ஆரணி அத்தை வீட்டுப் பக்கம் குடுக்க அம்பது மட்டும் தமிழ்ல போடு." மாதிரி அச்சு வர இரண்டு மணி நேரமாகும் என்றார்கள். பக்கத்துத் தெருவுக்கு நடந்தேன்.

அர்மீனியன் தெருவைத் தமிழ் வாய் 'அரண்மனைக்காரத் தெரு' ஆக்கிவிட்டது. அங்கே அரண்மனை கிடையாது. 1772இல் கட்டிய அர்மீனிய தேவாலயம் இருக்கிறது. இவர்களின் முந்தைய கோயில் பழைய ஊரோடு போய்விட்டது. பாரசீகத்தின் ஜுல்ஃபாவிலிருந்து பட்டும் ரத்தினமும் விற்க வந்த வணிகர்கள் இவர்கள். ஷாஹாமிர் ஷாஹாமிரியன் என்ற வணிகர் சென்னையில் அச்சகம் வைத்தார். அதில் சுதந்திர அர்மீனியாவுக்கான அரசியல் சட்ட வரைவு ஒன்று அச்சானது. அப்போது அப்படி ஒரு நாடே இல்லை. அர்மீனியக் குடியரசு வந்தது 1918இல்!

முற்றத்தில் நடக்கும் வழியெல்லாம் கல்லறைக் கற்கள். அருத்யூன் ஷ்மாவோனியன் என்ற பாதிரியாரும் இங்கேதான் இருக்கிறார். ஷிராஸில் பிறந்தவர், இரண்டு மகன்களைப் பறிகொடுத்தவர். 1794இல் 'அஸ்தரார்' என்ற மாத இதழைத் தொடங்கினார். உலகத்திலேயே அர்மீனிய மொழியில் வந்த முதல் இதழ் அதுதான். கப்பல் வரவு, சரக்கு விலை, ஊர்ச் செய்தி எல்லாம் அதில் இருந்தன. பதினெட்டு இதழோடு 1796இல் நின்றது.

இந்த ஊரில் அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? சில வணிகக் குடும்பங்கள், அவ்வளவுதான். அந்தச் சில வீடுகளுக்காக ஒருவர் மாதாமாதம் அச்சுக் கோத்திருக்கிறார். நமக்கோ கோடிக்கணக்கில் ஆள் இருக்கிறது. 'யாரு படிக்கிறாங்க' என்று கேட்கிறோம்.

முற்றத்திலிருந்தே அம்மாவைக் கூப்பிட்டேன். "அம்மா, பாதிக்குப் பாதி போட்டுடறேன்."

"யாருக்குடா குடுக்கப் போற?"

"படிக்கிறவங்க இருப்பாங்கம்மா."

"சரி, எழுத்துப் பிழை இல்லாம பாத்துக்கோ" என்றார்.

ஷ்மாவோனியன் 1824இல் இறந்தார். இன்று சென்னையில் அர்மீனியர்கள் அநேகமாக யாரும் இல்லை. கோயிலைக் கொல்கத்தாவில் இருக்கும் அர்மீனியர்கள்தான் பராமரிக்கிறார்கள். தெருவின் பேரில் மட்டும் அவர்கள் இன்னும் அரண்மனைக்காரர்கள்.