பழைய வண்டியும் பழகிய கைகளும்

பழைய மோட்டார் வண்டியைப் பேணி வைத்திருப்பது பணம் படைத்தோரின் பொழுதுபோக்கு என்பது பொதுவான எண்ணம். ஆண்டுக்கொருமுறை நாளேடுகளில் வெளிவரும் அணிவகுப்புப் படங்களும் அவ்வெண்ணத்தையே வலுப்படுத்துகின்றன. பளபளக்கும் வண்டி, தொப்பியணிந்த உரிமையாளர், அருகே புன்னகைக்கும் ஒரு நடிகர். நம் வீட்டு வாசலில் நிற்பதோ 1966ஆம் ஆண்டில் உருவான, இரண்டே கதவுகள் கொண்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு. மறைந்த தந்தையார் 1974இல் பிறரிடமிருந்து வாங்கியது. ஓய்வூதியத்தில் காலம் தள்ளும் நம்மால் இதனை இத்தனை ஆண்டுகள் ஓட்ட முடிந்தது எவ்வாறு என்று கேட்போருக்கு, நாம் அம்பத்தூரில் வாழ்கிறோம் என்பதே விடை. அவ்விடை பலருக்கு விளங்குவதில்லை.

‘ஹெரால்டு குடும்ப வண்டிதானே, அதனை ஏன் ஸ்போர்ட்ஸ் கார் விரும்புவோர் தேடுகின்றனர்?’ என்று வினவுவோரும் உண்டு. இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகரில் 1959இல் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டின் உருவத்தை வரைந்தவர் ஜியோவான்னி மிக்கெலாட்டி என்னும் இத்தாலியர். அதன் அடிச்சட்டத்தைக் குறுக்கி, அவரே வரைந்த வேறோர் உடலை ஏற்றி, 1962இல் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்னும் திறந்த வண்டியை அந்நிறுவனம் செய்தது. உலகெங்கும் அன்பர்களைப் பெற்ற அந்த ஸ்போர்ட்ஸ் கார் 1980 வரை உருவாகிவந்தது. அதன் எஞ்சின் தொடக்கத்தில் 1147 சிசி, 63 குதிரைத்திறன். நம் ஹெரால்டுக்கு 948 சிசி, ஏறத்தாழ 35 குதிரைத்திறன். தம்பி ஓட்டக்காரன், அண்ணன் குடும்பஸ்தன். எனினும் எலும்பு ஒன்றே. முன்சக்கரங்களைத் தாங்கும் அமைப்பு, பின்னால் குறுக்காகக் கிடக்கும் வில் பட்டை, முன்னோக்கிக் கவிழும் பானெட் யாவும் ஒரே குடும்பத்தின. இதனாலன்றோ சோழவரத்துப் பழைய விமானத் தளத்தில் பந்தயங்கள் நடந்த நாள்களில் ஹெரால்டுகளும் அங்கே சீறிப் பாய்ந்தன! செங்குன்றம் வழியாகத் தந்தையாருடன் அங்குச் சென்று, காதைப் பொத்திக்கொண்டு நின்ற நினைவு நமக்கு உண்டு.

1961 முதல் ஹெரால்டை இந்தியாவில் செய்தது சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம். ‘ஸ்டாண்டர்டு’ என்ற சொல் ஒரு காலத்தில் உயர்ந்த தரத்தைக் குறித்தது. நாளடைவில் ‘சாதாரணம்’ என்ற பொருள் அதில் ஏறிவிடவே, இங்கிலாந்தில் 1963இல் அப்பெயரைக் கைவிட்டனர். நம் நாட்டிலோ 1988இல் ஆலை நிற்கும்வரை அப்பெயர் வாழ்ந்தது. பிறந்த வீட்டில் மறக்கப்பட்ட பெயரைப் புகுந்த வீடு கால் நூற்றாண்டு காத்தது என்று சொல்லலாம்.

வண்டி பிறந்தது பெருங்களத்தூரில் என்றாலும், அதன் உறுப்புகள் பலவற்றுக்கு நம் மேற்குப் புறநகரே தாய்வீடு. இறக்குமதிக்குத் தடைகள் மிகுந்த காலம் அது. ஆங்கில நிறுவனங்களின் தொழில்நுட்பத்தைப் பெற்று இங்கேயே ஆலைகள் எழுந்தன. 1949இல் உருவான டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூருக்கு முதலில் பெயர் தேடித் தந்தது. பாடியில் 1960இல் வீல்ஸ் இந்தியா, 1961இல் லூகாஸ் டி.வி.எஸ்., 1962இல் பிரேக்ஸ் இந்தியா என அடுத்தடுத்து நிறுவனங்கள் தோன்றின. டன்லப் டயர் ஆலை அம்பத்தூரிலேயே இருந்தது. 1960களின் நடுவே அரசு அமைத்த தொழிற்பேட்டையில் சிறு பட்டறைகள் நூற்றுக்கணக்கில் முளைத்தன. ஆவடியிலோ 1965இல் விஜயந்தா பீரங்கி வண்டி வெளிவந்தது. அதன் வடிவமும் விக்கர்ஸ் என்ற ஆங்கில நிறுவனத்தினுடையதே. ஆக, ஆங்கிலேயரின் அங்குல அளவும் அவர்தம் மரையளவும் இப்பகுதித் தொழிலாளியின் விரல் நுனியில் இருந்தன. நம் வண்டியின் டைனமோவில் இருப்பது பாடியின் முத்திரை. இன்றும் வயது முதிர்ந்த மெக்கானிக்கிடம் ‘ஏழு பதினாறு ஸ்பானர்’ என்றால் திரும்பிப் பாராமலே எடுத்து நீட்டுவார். இளைஞரிடம் கேட்டால் பதினொன்றாம் எண்ணை எடுத்துத் தருவார். 

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தொழிற்பேட்டையே வெள்ளத்தில் நின்றது. நம் தெருவும் தப்பவில்லை. வண்டியின் கதவடிவரை ஏறிய நீர் வடிய மூன்று நாள்கள் ஆயின. இருக்கைகளைக் கழற்றி, தரைவிரிப்பை உரித்தபோதுதான் உள்ளே பல ஆண்டுகளாக ஒளிந்திருந்த துரு முகங்காட்டியது. வெள்ளம் புதிதாகக் கெடுத்தது சிறிதே. பழைய கேட்டை அது வெளிச்சத்துக்குக் கொணர்ந்தது.

ஹெரால்டில் ஒரு வசதியும் ஒரு தொல்லையும் சேர்ந்தே உள்ளன. பிற வண்டிகளில் உடலும் அடிச்சட்டமும் ஒன்றாகிவிட்ட காலத்திலும் இதற்குத் தனிச் சேஸிஸ் வைத்தனர். அதன்மேல் உடலைத் துண்டு துண்டாகப் போல்ட் இட்டுப் பூட்டினர். ஆகவே ஒரு துண்டு கெட்டால் அதனை மட்டும் கழற்றலாம். ஆனால் துண்டுகள் சேருமிடமெல்லாம் நீர் தங்கும். சேஸிஸின் பக்கக் கைகள் உள்ளிருந்தே அரிபடும். மேலே வண்ணம் மின்னும்.

மண்ணூர்ப்பேட்டையில் டிங்கர் வேலை செய்யும் பெரியவர் ஒருவர் வந்து பார்த்தார். சுத்தியின் பின்புறத்தால் மெல்லத் தட்டிக்கொண்டே வண்டியைச் சுற்றிவந்தார். நல்ல தகரம் ஓர் ஒலி தரும். பட்டி பூசி மறைத்த இடம் வேறோர் ஒலி தரும். எட்டு இடங்களில் சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டார். “தம்பி, இதையெல்லாம் பட்டி வைத்து மூடித் தரச் சொன்னால் ஒரு வாரம். வெட்டி எடுத்துத் தகரம் வைக்கச் சொன்னால் ஆறு மாதம். எது வேண்டும்?” என்றார். ஆறு மாதம் என்றோம். ஓராண்டும் இரண்டு மாதமும் ஆயின. அவர் கணக்குப் போட்டது வேலைக்கு மட்டும். மழைக்கும் மகள் திருமணத்துக்கும் அல்ல.

பெரியவர் உடலைக் கவனிக்க, நாம் முன்சக்கரங்களின் அடிப்பகுதியைக் கவனித்தோம். ஹெரால்டோ ஸ்பிட்ஃபயரோ வைத்திருப்போர் கட்டாயம் அறியவேண்டிய இடம் இது. சக்கரத்தைத் தாங்கும் செங்குத்தான எஃகுத் தண்டின் கீழ்முனையில் மரை வெட்டப்பட்டிருக்கும். அம்மரை செப்புக் கலப்பு உலோகத்தாலான ஒரு கட்டைக்குள் ஏறி நிற்கும். அதன் பெயர் டிரன்னியன். ஸ்டீயரிங்கைத் திருப்புந்தோறும் தண்டு அம்மரையில் சுழலும். இதற்கு இடவேண்டியது கிரீஸ் அன்று, கியர் ஆயில். செய்தவர்களின் கையேடே அவ்வாறு கூறுகிறது. ஆயினும் சர்வீஸ் நிலையங்களில் கண்ணில் பட்ட துளையிலெல்லாம் கிரீஸ் துப்பாக்கியை வைப்பது வழக்கம். கிரீஸ் நாளடைவில் இறுகி மரையின் ஆழத்துக்குச் செல்லாது. நீர் புகும், எஃகு அரிபடும், ஒருநாள் ஏதேனும் ஒரு திருப்பத்தில் தண்டு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். சில நூறு ரூபாய் எண்ணெய்க்கும் ஓர் உயிருக்கும் நடுவில் நிற்பது இந்தச் சிறு கட்டை! நம் வண்டியின் இடப்பக்கத் தண்டில் அரிப்பு தொடங்கியிருந்தது. தட்டுமுட்டுப் பொருள் கிடைக்கும் புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் அலைந்தும் பழுதற்றது அகப்படவில்லை. முடிவில் இங்கிலாந்திலிருந்து வரவழைத்தோம். சுங்க வரியைப் பற்றி இங்கே எழுதாமல் விடுவதே நம் இரத்த அழுத்தத்துக்கு நல்லது.

பின்சக்கரங்களின் கதை வேறு. அவை நடுவிலுள்ள கியர்ப் பெட்டியிலிருந்து சிறகுபோல் தனித்தனியே அசைபவை. வளைவில் வேகமாக நுழைந்து, அஞ்சி ஆக்சிலேட்டரை விட்டுவிட்டால் வெளிச் சக்கரம் உள்ளே மடங்க முற்படும். இங்கிலாந்தில் 1970இல் ஸ்பிட்ஃபயரின் வில் பட்டையை மாற்றி அக்குறையை அடக்கினர். இங்கோ 1972இல் ஹெரால்டுக்குப் பதிலாக வந்த கெஸல் வண்டியில் பழைய பாணி முழு ஆக்ஸிலையே வைத்துவிட்டனர். நம் மெக்கானிக்குகளுக்குச் சிறகு ஆக்ஸில் பிடிக்கவில்லை. நாம் ஒன்றையும் மாற்றவில்லை. வானகரம் மேம்பாலத்தில் மணிக்கு நாற்பது கிலோமீட்டரில் செல்வோருக்குச் சிறகு மடங்காது என்பது நம் துணிபு.

மாற்றியே தீரவேண்டியவற்றுள் முதலாவது பெட்ரோல் செல்லும் பாதை. இவ்வண்டி பிறந்தபோது பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது; வால்வு அமரும் இடம் தேயாமல் அது காத்தது. 2000ஆம் ஆண்டு முதல் நாடெங்கும் ஈயமற்ற பெட்ரோலே வந்தது. ஆகவே சிலிண்டர் ஹெட்டைக் கழற்றியபோது கடினமான வால்வு சீட்டுகளைப் பதித்தோம். 2025இல் இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் நாடெங்கும் பரவியது. பழைய ரப்பர்க் குழாய்களை எத்தனால் ஊறவைத்துக் கரைக்கும். பெட்ரோல் பம்பின் டயாபிரத்தையும் விடாது. சூடான எஞ்சினின் மேல் ஒழுகும் பெட்ரோல் என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை. குழாய்கள் அனைத்தையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றினோம். இருக்கைப் பட்டைகளையும் பொருத்தினோம். அசல் வண்டியில் அவை இல்லை என்று முகஞ்சுளித்த நண்பருக்கு, அசல் வண்டியின் நாளில் பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் இத்தனை லாரிகளும் இல்லை என்று விடையளித்தோம்.

எஞ்சினை எடுத்துவிட்டு மாருதி எஞ்சினை ஏற்றிவிடுங்கள் என்று அறிவுரை கூறியோர் பலர். அவ்வாறு செய்த ஹெரால்டுகளையும் கண்டிருக்கிறோம், நன்றாகவே ஓடுகின்றன. அவ்வாறு செய்தோரைக் குறைகூற நமக்கு மனமில்லை. வண்டியைக் காயலான் கடைக்கு அனுப்பாமல் காத்தவர்கள் அவர்கள்.

இதற்கிடையே சட்டத்தின் பக்கமும் ஒரு கேள்வி எழுந்தது. 2021 ஜூலையில் நடுவண் அரசு, ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்குத் தனிப் பதிவு முறையை அறிவித்தது. எண் பலகையில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுக்குச் செல்லும். சேஸிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் கூடாது. நம் வண்டி இத்தகுதிகளையெல்லாம் உடையது. ஆனால் அவ்வெண்ணைப் பெற்ற வண்டியைக் கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் பழுதுபார்ப்பதற்கும் பெட்ரோல் போடுவதற்குமே சாலையில் ஓட்டலாம். அன்றாடப் பயன்பாட்டுக்கு இடமில்லை.

நம் தாயாருக்கு அகவை எண்பத்து நான்கு. முழங்கால் மடங்காத அவர்களுக்கு ஹெரால்டின் அகன்ற கதவே வசதி. புதிய வண்டிகளில் ஏற மறுப்பவர்கள், ஞாயிறு காலையில் இதில் மட்டும் முன்கூட்டியே வந்து அமர்ந்துவிடுவார்கள். அவர்களை ஏற்றிக்கொண்டு கோயிலுக்கும் மருத்துவரிடமும் செல்ல முடியாத வண்டி நமக்கு எதற்கு? ஆகவே பெருமைக்குரிய அந்த எழுத்துகளை விட்டு, தகுதிச் சோதனைக்கு நின்று, பழைய எண்ணிலேயே பதிவைப் புதுப்பித்தோம். கட்டணம் கூடிவருகிறது. ஓடாமல் நின்றால் பிரேக் சிலிண்டர் இறுகும், பாட்டரி சாகும், எலி வயரைக் கடிக்கும். ஓட்டுவதே இதற்குச் சிறந்த பராமரிப்பு என்பதையும் நாம் கணக்கில் கொண்டோம்.

நம்மை உறங்கவிடாத கவலை பணத்தைப் பற்றியதும் சட்டத்தைப் பற்றியதும் அன்று. தொழிற்பேட்டையில் நமக்குப் புஷ் கடைந்து தந்தவர் லேத்தை விற்றுவிட்டார். அவ்விடத்தில் இப்போது பொதிகள் அனுப்பும் கிடங்கு இயங்குகிறது. டன்லப் ஆலையின் ஓசை அடங்கி ஆண்டுகள் பல ஆயின. மண்ணூர்ப்பேட்டைப் பெரியவரின் மகன்கள் இருவரும் கணிப்பொறி வேலைக்குச் சென்றுவிட்டனர். அதில் அவருக்குப் பெருமையே. “இந்தப் புகையை அவர்கள் ஏன் விழுங்க வேண்டும்?” என்று கேட்கிறார். நாம் என்ன மறுமொழி கூறுவது? உதிரிப்பாகத்தை இங்கிலாந்திலிருந்து தருவிக்கலாம். தட்டிய ஒலியைக் கேட்டுத் துருவைக் கண்டறியும் காதை எங்கிருந்து தருவிப்பது?

இயந்திரவியல் பயிலும் நம் பேத்தி விடுமுறை நாள்களில் அவரிடம் சென்று அமர்கிறாள். முதலில் அவள் குறிப்பேட்டில் அளவுகளை எழுதினாள். அவர் அதனை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, கேஸ் வெல்டிங் குழலைக் கையில் கொடுத்தார். இதுவரை அவள் ஒட்டிய தகரத் துண்டுகளில் மூன்று ஓட்டையாகிப்போயின. நான்காவது, வண்டியின் பின்பக்கத் தரையில் இருக்கிறது.

வலப்பக்கக் கதவு மட்டும் இன்னும் சரியாகப் பொருந்தவில்லை. மூடும்போது தூக்கிப் பிடிக்க வேண்டியுள்ளது. பெரியவருக்கு அடுத்த மாதம் கண்ணில் அறுவை. அது முடிந்து வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் கீலைத் தளர்த்தி வைக்குமாறு பேத்தியிடம் கூறியிருக்கிறார்.