வட்டம் போட்டால் சரி!

"மாமா, ஜப்பான்லதானே வீடியோ கேம் பெட்டியெல்லாம் செய்றாங்க? அங்க சல்லிசாக் கிடைக்கும். ஒண்ணே ஒண்ணு வாங்கிட்டு வா மாமா!"

திருச்சியிலிருந்து அக்கா பையன் போனில் கெஞ்சினான். பத்தாவது எழுதிவிட்டு லீவில் இருக்கிறான். அடுத்த விநாடி போன் அக்கா கைக்கு மாறியது.

"அவன் பேச்சைக் கேட்டு எதையாவது வாங்கித் தொலைக்காதே. ஏற்கெனவே போனைத் தூக்கிக்கிட்டு ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்தினா, சாப்பிடக் கூப்பிட்டாக்கூட வர்றதில்லை. அத்தானோ கத்தார்ல. நான் ஒண்டியா இவனோட மல்லுக்கட்ட முடியலை."

தாய்மாமன் சீரில் வீடியோ கேம் எந்தக் கணக்கில் வரும் என்று தெரியாமலேதான் டோக்கியோவுக்கு விமானம் ஏறினேன்.

டோக்கியோவில் நிஷி-கசாய் என்று ஒரு பேட்டை. நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். மளிகைக் கடையில் துவரம் பருப்பு கிடைக்கிறது. அங்கேதான் என் சித்தி பையன் சாஃப்ட்வேர் உத்தியோகத்தில் குடும்பத்தோடு இருக்கிறான். வீடு? ஹாலில் படுத்துக் காலை நீட்டினால் பெருவிரல் சமையலறைக் கதவில் இடிக்கும். அந்த ஹாலில் ஒரு டிவி. அதன் பக்கமே போகாமல், சுவரோரம் சாய்ந்து கையடக்கமான ஒரு பெட்டியைத் தட்டிக்கொண்டிருந்தான் அவனுடைய பன்னிரண்டு வயசுப் பையன்.

"ஏண்டா, டிவியில் மாட்டிப் பெரிசாப் பார்த்து ஆடக் கூடாதா?" என்றேன்.

"இது சின்ன ஊர் பெரியப்பா" என்றான். ஒரு கோடிப் பேருக்கு மேல் வசிக்கும் ஊரைச் சொல்கிறான்!

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருமாக அகிஹபாராவுக்குக் கிளம்பினோம். தோசாய் லைனில் ஏறி, கயபாச்சோவில் இறங்கி, ஹிபியா லைனுக்கு மாற வேண்டும். ரயிலில் அத்தனை கூட்டம், ஆனால் கல்யாண மண்டபத்தில் தாலி கட்டுவதற்கு ஒரு நிமிஷம் முன்னால் இருக்குமே, அப்படி ஒரு அமைதி. செல்போனில் பேசுவது மரியாதைக் குறைவாம். எல்லாருடைய கண்ணும் அவரவர் உள்ளங்கையில். அப்பாவும் பிள்ளையும் ஆளுக்கொரு கையடக்கப் பெட்டியை எடுத்தார்கள். இரண்டும் கம்பியில்லாமல் தங்களுக்குள் பேசிக்கொள்ள, இருவரும் ஒரே பந்தயத்தில் கார் ஓட்ட ஆரம்பித்துவிட்டார்கள். சத்தமே இல்லை. பையன் ஜெயித்ததை, அவன் அப்பாவை முழங்கையால் இடித்ததை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அகிஹபாராவை மின்சார நகரம் என்கிறார்கள். ரிச்சி தெருவை எட்டு மாடி உயரத்துக்கு நிமிர்த்தி வைத்து, எல்லா மாடிக்கும் சீரியல் பல்ப் போட்டது மாதிரி இருக்கிறது. உலகத்திலேயே பெரிய டிவியில் பெரிய பெட்டியை மாட்டி ஜப்பான்காரர்கள் விளையாடிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்துப் போனேன். மாடிப்படிக்கு அடியில் இருந்த ஒரு பழைய சாமான் கடையில்தான் என் நினைப்பு உடைந்தது. ஒரு மூலையில் அமெரிக்கப் பெட்டியான எக்ஸ்பாக்ஸ் 360 வரிசையாக அடுக்கியிருந்தது. விலைச் சீட்டைப் பார்த்தால் பாவமாக இருந்தது.

"இது இந்த ஊரில் போணியே ஆகலை அண்ணா" என்றான் தம்பி.

உயர்துல்லியப் படம் காட்டும் பெட்டிகளில் முதலில் வந்தது அதுதான். 2005 நவம்பரில் அமெரிக்காவில் இறங்கி, டிசம்பரிலேயே ஜப்பானுக்கும் வந்தது. உலகம் முழுக்க 8 கோடிக்கு மேல் விற்றது. ஜப்பானில் கடைசி வரைக்கும் 20 லட்சத்தைத் தொடவில்லை. அந்நிய சரக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள் போல என்று நினைக்காதீர்கள். சொந்த ஊர் சோனியே திணறியது. 2006 நவம்பரில் பிளேஸ்டேஷன் 3 வருவதற்கு முன்பே, "62,790 யென்னா!" என்று ஜனங்கள் வாயைப் பிளக்க, கடைக்கு வருமுன்னரே 49,980 ஆகக் குறைத்தார்கள். அதுவும் ஜப்பானுக்கு மட்டும். அந்த நிதியாண்டில் சோனியின் விளையாட்டுப் பிரிவுக்கு நஷ்டம் 23,000 கோடி யென்னுக்கு மேல். விற்கிற ஒவ்வொன்றுக்கும் கையிலிருந்து போட்டு விற்பதை எந்த பி.காம். பாடத்திலும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

அதே காலத்தில் அங்கே பிய்த்துக்கொண்டு போனது எது தெரியுமா? நின்டெண்டோ டி.எஸ். என்கிற கையடக்கப் பெட்டி. உயர்துல்லியம் என்றால் படத்தில் குறைந்தது 720 வரி வேண்டும். இதில் இருந்தது 192 வரிதான்! ஆனாலும் ஜப்பானில் மட்டும் 3 கோடிக்கு மேல் விற்றது. நாலு பேருக்கு ஒன்று என்று வையுங்கள்.

இதில் வேடிக்கை, உயர்துல்லிய டிவிக்கு ஆராய்ச்சியை ஆரம்பித்ததே இந்த ஊர்தான். 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த கையோடு என்.எச்.கே. அதில் இறங்கியது. பந்தி வைத்தவனே இலையில் உட்காராத கதை.

"ஏன்டா அப்படி?" என்று தம்பியைக் கேட்டேன். கடை வாசலில் நின்றபடியே விரல் மடக்கினான்.

"வீட்டைப் பார்த்தியா? அமெரிக்காக்காரன் ஹாலில் சோபா போட்டு, பத்தடி தள்ளி உட்கார்ந்து, துப்பாக்கியால் டுமீல் டுமீல்னு சுடுவான். இங்கே அப்படிச் சுட்டா கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துடுவார். ரெண்டாவது, வீட்டில் நான் எத்தனை மணி நேரம் இருக்கேன்? ராத்திரி பத்துக்கு வர்றேன். ஆனா ரயிலில் தினம் ஒன்றரை மணி நேரம் இருக்கேன். மூணாவது, இவங்களுக்கு விளையாட்டுன்னா முகம் தெரியாதவனோட இன்டர்நெட்டில் சண்டை போடறதில்லை. பக்கத்தில் இருக்கிறவனோட ஆடணும்."

மூன்றாவதற்கு இந்தத் தெருவே சாட்சியாம். 2009 ஜூலையில் டிராகன் குவெஸ்ட் 9 வந்தது. பெட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தால் போதும், எதிரே வருகிறவர் பையிலும் அது இருந்தால் இரண்டும் தானாகவே புதையல் வரைபடங்களைப் பரிமாறிக்கொள்ளும். அதற்காகவே அகிஹபாராவில் ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வந்து நின்றார்களாம். யாரும் யாரோடும் பேசவில்லை. ஆனால் எல்லாரும் கொடுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். அடுத்த வருஷம் மான்ஸ்டர் ஹன்டர் வந்தபோது, பள்ளிப் பிள்ளைகள் நாலு நாலு பேராக பர்கர் கடையில் உட்கார்ந்து ஒரே பூதத்தை அடித்தார்கள்.

ஊருக்கு ஊர் இப்படித்தான். தென் கொரியாவில் தெருவுக்குத் தெரு கம்ப்யூட்டர் விளையாட்டுக் கடை இருந்ததால் பெட்டியை யாரும் அவ்வளவாகச் சீந்தவில்லை. சீனாவில் 2000-ல் அரசாங்கமே பெட்டி விற்கத் தடை போட்டது. 2014-ல்தான் தளர்த்தினார்கள். நம் ஊரிலோ, பெரும்பாலான வீடுகளுக்குப் பெட்டி வந்து சேருமுன்னே செல்போன் வந்துவிட்டது. ஒரே டிவி, அதில் பாட்டிக்கு சீரியல். பையன் என்ன செய்வான்? போனைத் தூக்கிக்கொண்டு ரூமுக்குப் போனான்.

எனக்குச் சுருக்கென்றது. ரயிலில் அப்பனும் பிள்ளையும் தோளோடு தோள் உரசி ஆடினார்களே, அதுவும் உள்ளங்கை விளையாட்டுதான். திருச்சியில் கதவைச் சாத்திக்கொண்டு ஆடுகிறானே, அதுவும் உள்ளங்கை விளையாட்டுதான். இரண்டும் ஒன்றா?

பெரிய கடை ஒன்றில் ஸ்விட்ச் 2 இருந்தது. 2025 ஜூனில் வந்தபோதே அதற்கு இரண்டு விலை. ஜப்பானிய மொழி மட்டும் தெரிந்த பெட்டி 49,980 யென். பல மொழி தெரிந்தது 69,980. பாஷைக்கு 20,000 யென்! மலிவாக இருப்பதை வாங்கினால் மருமகன் முதலில் ஜப்பானிய மொழி வகுப்பில் சேர வேண்டும். அங்கேயே நின்று அக்காவுக்குப் போன் போட்டேன்.

"சரி, வாங்கித் தொலை. ஆனா ஒண்ணு. ஹால் டிவியில்தான் மாட்டணும். ரெண்டு பேர் ஆடற மாதிரி இருக்கணும். ரூமுக்குள்ள எடுத்துட்டுப் போற சமாசாரமே வேண்டாம்."

அதாவது ஜப்பான்காரன் வேண்டாம் என்று ஒதுக்கிய அதே காரணங்கள்தான் அக்காவுக்கு வேண்டியிருந்தன. மாடிப்படிக் கடைக்குத் திரும்பினேன். எக்ஸ்பாக்ஸில் ஜப்பான் பெட்டிக்கு நம் ஊர்த் தட்டு பெரும்பாலும் சேராது என்றான் தம்பி. பிளேஸ்டேஷன் 3-ல் அந்தத் தொல்லை இல்லை. பழசு ஒன்றும், கைப்பிடி இரண்டும் வாங்கினேன். அங்கே வீட்டு மின்சாரம் 100 வோல்ட்; இங்கே 230. நேராகச் சொருகினால் பெட்டி தீபாவளி கொண்டாடிவிடும் என்பதால், சென்னையில் செங்கல் கனத்துக்கு ஒரு டிரான்ஸ்ஃபார்மரும் வாங்கிச் சேர்த்து அனுப்பினேன்.

நாலாம் நாள் மருமகன் போன். "மாமா, பெட்டி ரிப்பேர். 'சரி'ன்னு அமுக்கினா வெளியே வந்துடுது!"

ரிப்பேர் இல்லை. ஜப்பானில் வாத்தியார் சரியான விடைக்கு வட்டம் போடுவார், தப்புக்குப் பெருக்கல் குறி. அதனால் அங்கத்திய பிளேஸ்டேஷனில் வட்டம் என்றால் 'சரி'. அமெரிக்கப் பெட்டியில் பெருக்கல் குறிதான் 'சரி'. 2020-ல் பிளேஸ்டேஷன் 5 வந்தபோதுதான் ஜப்பானும் பெருக்கல் குறிக்கு மாறியது. நம் வாத்தியார் சிவப்பு மையில் வட்டம் போட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். எனக்குப் போட்ட வட்டங்கள் இன்னும் கண்ணில் நிற்கின்றன.

போன வாரம் அக்கா கூப்பிட்டாள். அத்தான் லீவில் வந்திருக்கிறார்.

"உன்னால என் சீரியல் போச்சு. ராத்திரி பதினோரு மணி வரைக்கும் அப்பனும் பிள்ளையும் ஃபுட்பால் ஆடறாங்க. இவர் பழக்கதோஷத்தில் பெருக்கலை அமுக்கறார். பாட்டி நடுவில் உட்கார்ந்துக்கிட்டு, 'வட்டம்டா, வட்டத்தை அமுக்குடா'ன்னு கத்தறாங்க. வீடா இது, சந்தையா?"

அக்கா இன்னும் ஏதேதோ திட்டினாள். பாதி காதில் விழவில்லை. பின்னால் ஹாலில் அவ்வளவு சத்தம்.