கருங்குழி: ஏரி நிறையும் பருவம்

சென்னையிலிருந்து திண்டிவனம் போகும் நெடுஞ்சாலையில், மதுராந்தகத்துக்குச் சற்று முன்னால் வருகிற ஊர் கருங்குழி. வடலூருக்குப் பக்கத்தில் வள்ளலார் தங்கியிருந்த கருங்குழி வேறு. இது செங்கல்பட்டு மாவட்டத்துக் கருங்குழி. பேரூராட்சி, ரயில் நிலையம் எல்லாம் உண்டு. ஆனாலும் சுற்றிலும் வயல்தான். ஐப்பசி பிறந்துவிட்டால் டீக்கடைப் பேச்சு முழுக்க ஏரியைப் பற்றியே இருக்கும். "கால்வாயில தண்ணி வருதா?" "இந்த வருஷமாவது கோடி போவுமா?"

வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கும். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதியை அது தருகிறது. கடலோர மாவட்டங்களில் பங்கு இன்னும் அதிகம். கிழக்கே மாமல்லபுரம் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்றால் இங்கே இரவெல்லாம் கொட்டும். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் அந்தப் பக்கம்தான் கரையேறியது.

வெயில் தணிந்து, ஈரக்காற்று வீசுகிற இந்த நாட்கள் உடம்புக்கு இதம். சம்பாப் பயிருக்குத்தான் சோதனை. தூர் கட்டுகிற பருவத்தில் நாலு நாள் சேர்ந்தாற்போல் மூட்டம் போட்டால் ஆனைக்கொம்பன் வரும். நடுக்குருத்து வெங்காயத்தாள் போலக் குழலாக நீண்டுவிடும். அந்தத் தூரில் கதிர் வராது. கார்த்திகையில் பனி இறங்க ஆரம்பித்தால் குலை நோய் பயம். பச்சை கட்டட்டும் என்று யூரியாவை அள்ளிப் போட்டவர் வயலில்தான் அது முதலில் பிடிக்கும். அதனால் இந்த மாதங்களில் காலையில் வரப்பில் இறங்கிக் குருத்தைப் பிரித்துப் பார்க்காத விவசாயி இல்லை.

பழைய ஊர் இது. இங்கிருந்த கோட்டையை 1759 இறுதியில், வந்தவாசிப் போருக்குச் சில வாரங்கள் முன்பு, ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்தார். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது இந்த வட்டாரத்து ஏரிகள்தான். ஒன்றின் உபரிநீர் அடுத்ததற்குப் போகும்படி, சரிவு பார்த்துக் கட்டியிருக்கிறார்கள். மேலே ஒரு வரத்துக்கால்வாயை மறித்து மனை போட்டால் கீழே ஓர் ஊரே காயும். பெருமழையில் அதே தண்ணீர் வீட்டுக்குள் நுழையும். மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்கும் முன் அதிகாரிகள் ஒரு ஐப்பசி மழையில் அந்த இடத்தைப் போய்ப் பார்க்க வேண்டும்.

மதுராந்தகம் ஏரிக்கரையை ராமரே நின்று காத்ததாகவும், அதைக் கலெக்டர் லயோனல் பிளேஸ் கண்டதாகவும் சொல்லப்படும் கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். அங்குள்ள சாமிக்கு ஏரி காத்த ராமர் என்றே பெயர். வேடந்தாங்கல் பறவைகளைச் சுடக் கூடாது என்ற ஊராரின் உரிமையை 1798இல் ஏற்று எழுதிக் கொடுத்தவரும் அதே பிளேஸ்தான். ஐப்பசி, கார்த்திகையில் நத்தைக்குத்தி நாரைகளும் கரண்டிவாயன்களும் வந்து அங்குள்ள நீர்க்கடம்ப மரங்களில் கூடு கட்டும். பறவைகள் மிரளும் என்று வேடந்தாங்கல்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பயிருக்கு நல்ல உரம் என்பதும் அவர்கள் கண்ட அனுபவம்.

மார்கழியில் பெருமழை வந்தால் யாருக்கும் பிடிக்காது. முற்றிய கதிர் சாய்ந்து தண்ணீரில் முளைத்துவிடும். தை அறுவடை நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போகும்போதும் ஈரப்பதம்தான் தகராறு. அதற்குள் மதகடியில் நின்று ஏரியின் மட்டத்தைப் பார்த்து, அடுத்த நவரைப் பட்டத்துக்கு எத்தனை காணி நடலாம் என்று கணக்குப் போட்டிருப்பார்கள். தண்ணீர் கம்மி என்றால் வேர்க்கடலை.