கேள்வி கேட்க நாலாயிரம் ரூபாயா?

கோச்சிங் என்றால் எனக்குத் தெரிந்தது இரண்டுதான். ஒன்று கிரிக்கெட் மைதானம். இன்னொன்று நீட் தேர்வுக்குப் பிள்ளைகளை அடைத்து வைக்கும் வகுப்பு. ஆகவே, கும்பகோணத்தில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் என் தம்பி மகன், "பெரியப்பா, பிசினஸ் கோச் ஒருத்தர்கிட்ட போறேன். மாசம் ரெண்டு தடவை, ஒரு தடவைக்கு நாலாயிரம்" என்றபோது எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. 34 வருடம் வங்கியில் குப்பை கொட்டியவன் நான். கடன் மனுக்களைப் பார்த்துப் பார்த்தே கண்ணாடியின் பவர் ஏறியது. வீட்டில் இலவசமாக ஒரு ஆள் இருக்க, வெளியில் எவனுக்கோ பணமா?

கடை நிலைமை அப்படி. தம்பி போய் மூன்று வருடம் ஆகிறது. விற்பனை குறையவில்லை, ஆனால் கையில் காசு நிற்பதில்லை. கேஷ் கிரெடிட் கணக்கு எப்போதும் வரம்பைத் தொட்டுக்கொண்டே இருக்கும். தம்பி மனைவியின் வளையல்கள் இரண்டு முறை அடகுக்குப் போய்விட்டன. போகும்போதெல்லாம் நான் சொல்வது ஒன்றே: "கடன் கொடுக்கறதைக் குறைடா." அவனும் "சரி பெரியப்பா" என்பான். கொஞ்ச நாளில் என்னைக் கண்டாலே குடோன் பக்கம் போக ஆரம்பித்தான்.

ஒருநாள் அவனே, "நீங்களும் வந்து பாருங்களேன்" என்று அழைத்துப் போனான். சண்டை போடும் உத்தேசத்தோடுதான் போனேன்.

அந்த மனிதருக்கு 45 வயது இருக்கும். கரும்பலகை இல்லை, கம்ப்யூட்டர் படம் காட்டவில்லை. கேள்விகள்தான்.

"போன மாசம் எவ்வளவு வித்தீங்க?"

"பதினோரு லட்சம் சார்."

"வெளியில எவ்வளவு நிக்குது?"

பையன் நோட்டைப் புரட்டி, போனில் கூட்டிப் பார்த்தான். பத்தொன்பது லட்சம். "அதுல மூணு மாசத்துக்கு மேல?" ஏழரை லட்சம்.

எனக்கு நாக்கு துறுதுறுத்தது. 90 நாளைத் தாண்டிய பாக்கியைப் பொதுவாக வங்கி கணக்கில் எடுத்துக்கொள்ளாது, அந்த அளவுக்கு அவன் எடுக்கக்கூடிய தொகையும் குறையும் என்று சொல்ல வாயெடுத்தேன். கோச் கையை லேசாக அசைத்து என்னை நிறுத்தினார். பிறகு அவரும் பேசவில்லை. இரண்டு நிமிடம் மின்விசிறிச் சத்தம் மட்டும்.

பையன் தலையைக் குனிந்தபடி சொன்னான்: "எல்லாரும் அப்பா காலத்துலேர்ந்து வாங்கறவங்க சார். நான் கடனை நிறுத்தினா, அப்பா போனதும் பையன் மாறிட்டான்னு சொல்லுவாங்க."

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. மூன்று வருடத்தில் ஒருமுறைகூட 'ஏன்டா நிறுத்த முடியலை?' என்று நான் கேட்டதில்லை.

"அப்பா எப்படி வசூல் பண்ணுவார்?" என்றார் அவர். வெள்ளிக்கிழமைதோறும் டிவிஎஸ் 50-ல் கடை கடையாகப் போய், ஒரு டீ குடித்து, நாலு வார்த்தை பேசிவிட்டு வருவாராம். இவன் வாட்ஸப்பில் பில் அனுப்புகிறான். சொல்லும்போதே அவனுக்குப் புரிந்துவிட்டது. இனி வெள்ளிக்கிழமை நானே போகிறேன் என்று அவனே சொன்னான். கோச் அதைத் தேதியோடு எழுதச் சொன்னார், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து இதைப் பற்றிப் படித்தேன். கூகுள் நிறுவனத்துக்குத் தலைமை ஏற்க வந்த எரிக் ஷ்மிட், 'எனக்கு எதற்கு கோச்?' என்றுதான் முதலில் முரண்டு பிடித்திருக்கிறார். பிறகு அவருக்கு வழிகாட்டிய பில் கேம்ப்பெல், ஒரு காலத்தில் கொலம்பியா பல்கலைக்கழகக் கால்பந்துப் பயிற்சியாளர். அமெரிக்கக் கால்பந்து, நம்முடையது அல்ல. பாஸ்டன் அறுவை மருத்துவர் அதுல் கவாண்டே, ஓய்வு பெற்ற தன் ஆசிரியரையே ஆபரேஷன் தியேட்டரில் நின்று கவனிக்கச் சொன்னதை 2011-ல் எழுதியிருக்கிறார். முழங்கை மேலே ஏறுவதையும், விளக்கு வெளிச்சம் காயத்தை விட்டு விலகியிருந்ததையும் அந்தப் பெரியவர் குறித்துக் கொடுத்தாராம். ரிடையர் ஆனவருக்கும் வேலை இருக்கிறது என்பதில் எனக்கு அற்ப சந்தோஷம்.

எல்லா கோச்சும் இப்படி என்று சொல்ல மாட்டேன். நம் ஊரில் இதற்கு அரசு உரிமம் எதுவும் தேவையில்லை, கார்டு அடித்தவரெல்லாம் கோச். முதல் நாளே 'ஆறு மாதத்தில் இரட்டிப்பு லாபம்' என்பவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

ஏழரை லட்சம் இப்போது நாலே கால் ஆகியிருக்கிறது. இரண்டு பழைய வாடிக்கையாளர்கள் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போய்விட்டார்கள். வளையல் ஒரு ஜோடி வீடு திரும்பியது.

போன வெள்ளிக்கிழமை என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டான். ஒரு மெஸ்காரர் கல்லாவைத் திறந்து ஆறாயிரம் எண்ணிக் கொடுத்து, "மீதி அடுத்த வாரம் தம்பி. உங்கப்பா மாதிரியே டீ குடிக்காம போகக்கூடாது" என்றார். 'அடுத்த வாரம் என்றால் என்றைக்கு?' என்று கேட்க வாய் வரை வந்தது. டீயை ஆற்றிக் குடித்தேன்.