குறைந்த எண்ணும் மறைத்த செய்தியும்



சென்ற தவக்காலத்தில் நாம் வழக்கமான இரத்தப் பரிசோதனை செய்துகொண்டோம். சர்க்கரை, உப்பு, கொழுப்பு யாவும் அளவோடிருந்தன. இரண்டு வரிகளில் மட்டும் 'குறைவு' எனக் குறித்திருந்தது. அமிலேஸ் 19, அந்த ஆய்வுக்கூடத்தின் கீழெல்லையோ 28. லைபேஸும் தன் கீழெல்லையைத் தொடவில்லை.

இவை செரிமான நொதிகள். இரைப்பைக்குப் பின்னே கிடக்கும் கணையம் அமிலேஸால் மாவுப்பொருளையும் லைபேஸால் கொழுப்பையும் செரிக்கச் செய்கிறது. அவற்றுள் சிறிதளவு குருதியிலும் கலந்திருக்கும். கணையம் திடீரென அழற்சியுற்றால் இவ்வெண்கள் மும்மடங்குக்கும் மேல் உயரக்கூடும் என அறிந்திருந்தோம். 'உயர்ந்தாலன்றோ ஆபத்து!' என்றெண்ணித் தாளை மடித்துக் கட்டளைச் செபப் புத்தகத்தினுள் செருகிவிட்டோம்.

ஆயினும் மனம் அமைதியுறவில்லை. தாளில் இல்லாத செய்திகளை நாம் அறிவோம் அல்லவா? ஆறு மாதங்களில் ஏழு கிலோ எடை குறைந்திருந்தது. "நோன்பிருந்து சுவாமி இளைத்துவிட்டார்" என்று மக்கள் மெச்சினர், நாமும் மறுத்துரைக்கவில்லை. மலம் வெளிறி, எண்ணெய்ப் பசையோடு நீரில் மிதந்தது. அதை எவரிடமும் சொல்லக் கூசினோம்.

இறுதியில், நம் பங்கைச் சேர்ந்த முதிய மருத்துவர் ஒருவரிடம் தாளை நீட்டினோம்.

"சுவாமி, இவ்வெண்ணை மட்டும் கொண்டு நோயென்று சொல்வதற்கில்லை. நலமுள்ள நூறு பேரில் 95 பேர் அடங்குமாறே இந்த எல்லைகளை வகுக்கிறார்கள். ஆகவே நலமுள்ளவர் சிலரும் எல்லைக்குக் கீழே நிற்பர். உடல் பருத்தோர்க்கும் சர்க்கரை நோயாளருக்கும் அமிலேஸ் குறைந்திருப்பதுண்டு. கணையம் நாட்பட்டுச் சிதைந்தாலும் குறையும். சிதைந்த பின்னும் குறையாதிருப்பதும் உண்டு. உங்கள் உடல் என்ன சொல்கிறது? அதைச் சொல்லுங்கள்" என்றார்.

ஒன்றையும் மறையாது கூறுமாறு பிறருக்குப் போதிக்கும் நாம், அன்றுதான் தலைகுனிந்து அனைத்தையும் கூறினோம்.

அவர் மலத்தில் எலாஸ்டேஸ் என்னும் நொதியை அளக்கச் செய்தார். ஒரு கிராமுக்கு 200 மைக்ரோகிராமுக்குக் குறைந்தால் கணையத்தின் சுரப்புக் குறைவென ஐயுறுவர், நமக்கு 64. ஸ்கேன் படத்தில் கணையத்தினுள் கற்கள் தென்பட்டன. மதுவருந்தாதவர்க்கும் இத்தகைய கணைய நோய் வருவதுண்டு. தென்னிந்தியாவில் இது மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கண்டுவரும் நோயே. சுரப்பில் பத்தில் ஒன்பது பங்கு அற்றுப்போகும் வரை கொழுப்பு ஓரளவு செரித்துக்கொண்டே இருக்குமாம். அத்துணை பொறுமையான உறுப்பு அது!

இப்போது உணவோடு உணவாக நொதி மாத்திரைகளை விழுங்குகிறோம். உண்டபின் வெகுநேரம் கழித்து விழுங்கினால் பயன் குன்றும். கொழுப்பில் கரையும் ஏ, டி, இ, கே உயிர்ச்சத்துகளையும், கணையமே இன்சுலினையும் சுரப்பதால் சர்க்கரையையும் அவ்வப்போது சோதித்துக்கொள்கிறோம். இழந்த எடையில் நான்கு கிலோ மீண்டுவிட்டது.

ஆகவே அன்பர்களே, உங்கள் தாளிலும் இவ்வெண் குறைந்திருந்து, உடலில் ஒரு குறையும் இல்லையெனில் கலங்க வேண்டாம். மருத்துவரிடம் ஒருமுறை காட்டினால் போதும். ஆனால் எடை குறைந்தாலோ, மேல்வயிற்று வலி முதுகுவரை பரவினாலோ, மலம் எண்ணெய் போல் மிதந்தாலோ, எண் எவ்வாறிருப்பினும் வாய் திறந்து சொல்லிவிடுங்கள். நம்மைப் போல் ஆறு மாதம் கூசியிருக்க வேண்டாம்.